பேசக் கூடாத நாற்பது அழைப்புகள்

வினாடி அக்காவின் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தொலைபேசியில் கூப்பிட வேண்டும், எதிர்முனையில் யாராவது எடுத்தால் பேசக் கூடாது. இதற்கு அரசாங்கம் மாதச் சம்பளம் கொடுத்தது, தற்செயல் விடுப்பு கொடுத்தது, மேசைக்கு ஒரு பூட்டும் கொடுத்தது. இதையே வீட்டில் உட்கார்ந்து செய்தால் போலீஸ்தான் வரும்.

இப்படி ஒரு உத்தியோகம் எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால், ரயிலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் ரயில் கம்பெனிக்காரர்கள் நினைத்ததுதான் கட்டணம். பாதையின் கடைசி ஊரில் ஆற்றுப் படகுக்காரர்கள் போட்டிக்கு இருந்ததால், அங்கே போகும் மூட்டைக்குக் கட்டணம் குறைவு. நடுவழி ஊரில் போட்டிக்கு ஆள் இல்லை; அங்கே பாதி தூரத்திலேயே இறங்கும் மூட்டைக்குக் கட்டணம் அதிகம். பெரிய வியாபாரிகளுக்கு மட்டும் வாங்கியதில் ஒரு பகுதி பின்வாசல் வழியாகத் திரும்பிப் போகும். நடுவழி ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். கூச்சல் தலைநகரத்துக்குக் கேட்க பதினெட்டு வருஷம் ஆனது. கேட்டதும் ஓர் ஆணையம் வைத்தார்கள், மூன்று வருஷத்துக்கு மட்டும், தற்காலிகமாக. அந்தத் தற்காலிகம் தொண்ணூறு வருஷத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது.

பிறகு தந்தி வந்தது. அதை யார் கண்காணிப்பது என்று ஒரு கேள்வி. தந்திக் கம்பி தண்டவாளத்தை ஒட்டித்தானே போகிறது, ஆணையமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அடுத்தது தொலைபேசி. அதுவும் அதே கம்பத்தில்தானே தொங்குகிறது என்றார்கள். அறிவிலும் ஆய்விலும் பிறந்த முடிவுகள் என்று ஆணையத்தின் வரலாற்று மலரில் அச்சடித்திருக்கிறது.

அக்கா இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தது ரயில் பிரிவில். கையில் ஒரு நிறுத்துக்கடிகாரம் கொடுத்து நடைமேடையில் நிற்க வைத்தார்கள். வண்டி பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் எழுத வேண்டும். அவர் வினாடிவரை எழுதினார். அப்போது ஒட்டிய பட்டப்பெயர்தான் இது. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்பதையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் முதலில் எரிச்சல்பட்டார்கள், பிறகு யோசித்தார்கள், கடைசியில் கால அட்டவணையை மாற்றிவிட்டார்கள். மூன்று மணி நேரப் பயணம் மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அந்த வருஷம் ஒரு வண்டிகூடத் தாமதமில்லை. ஆணையம் தன்னைத் தானே பாராட்டி ஒரு தீர்மானம் போட்டது.

ஆறு வருஷம் கழித்து, ரயிலுக்குத்தான் லாரி போட்டியாக வந்துவிட்டதே, இனி எதற்குக் கண்காணிப்பு என்று ரயில் பிரிவை மூடினார்கள். அக்காவைத் தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றினார்கள். நிறுத்துக்கடிகாரத்தைத் திருப்பி வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அது அவர் கூடவே மாடி ஏறியது.

புது வேலை மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கறுப்புத் தொலைபேசி, பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஜன்னல். தொலைபேசிக் கம்பெனி ஒவ்வொரு ஊரிலும் விசாரணை மேசை வைக்க வேண்டும், கூப்பிடுகிறவருக்குப் பத்து வினாடிக்குள் ஒரு மனிதக் குரல் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்கிறதா என்று பார்ப்பது அக்காவின் பொறுப்பு. எட்டு ஊர், ஊருக்கு ஐந்து அழைப்பு, நாளொன்றுக்கு நாற்பது. மணி அடிக்கத் தொடங்கியதும் கடிகாரத்தைத் தட்ட வேண்டும், குரல் வந்ததும் மறுபடி தட்ட வேண்டும், படிவம் பதினேழில் எழுத வேண்டும். சோதிப்பவர் பேசக் கூடாது. பேசினால் சோதனை செல்லாது. குரல் வந்தபின் உடனடியாக வைத்துவிட வேண்டும்.

தங்கியிருந்தது இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி வாங்க ஒரு தடவை கடைவரை போனார். யார் உட்காரப்போகிறார்கள் என்று திரும்பிவிட்டார். தூரத்து ஊரில் ஒரு தம்பி. மாதத்தின் முதல் ஞாயிறு கூப்பிடுவான். பேசிக்கொண்டே சாப்பிடுவான், பேசிக்கொண்டே பிள்ளையை அதட்டுவான், நடுநடுவே “அப்புறம்க்கா?” என்பான். அப்புறம் சொல்ல அக்காவிடம் ஒன்றும் இருக்காது. பகல் முழுக்கப் பேசாமல் இருப்பதைத் தொழிலாக வைத்திருப்பவருக்கு மாலையில் மட்டும் வாய் எப்படித் திறக்கும்? வாரத்தில் அவர் மிக நீளமாகப் பேசுவது காய்கறிக் கடையில்தான். அங்கேயும் கடைக்காரர் முந்திக்கொண்டு, “வழக்கம்போலத்தானே?” என்று பையில் போட்டுவிடுவார்.

பத்து வருஷத்தில் ஏழு ஊர்களின் மேசைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எடுப்பது இயந்திரம், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. கம்பெனி விலக்கு கேட்டது, ஆணையம் கொடுத்தது. எட்டாவது ஊர் ரயில் பாதை முடிகிற இடத்தில் இருந்தது. அங்கே இயந்திரம் வைத்தால் கட்டாது, ஆளே மலிவு என்று கம்பெனி விட்டுவைத்தது. இந்த இடத்தில்தான் ஆணையத்தால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு காரியம் நடந்தது. ஊர்கள் எட்டிலிருந்து ஒன்றானதை எல்லாக் கோப்பிலும் திருத்தினார்கள். நாற்பது என்ற எண்ணைத் திருத்த மறந்துவிட்டார்கள். அது வேறு கோப்பில் இருந்தது.

ஆக, அந்த ஓர் ஊரின் ஒரே விசாரணை மேசைக்கு, வேலைநாள் தவறாமல், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, நாற்பது பேசாத அழைப்புகள் போயின. பதினொரு வருஷமாகப் போயின.

“விசாரணை. சொல்லுங்க” என்பார் அங்கே இருந்தவர். நடுவயது தாண்டிய ஆண் குரல், தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுவதுபோல் தெளிவாக இருக்கும். நாலு வினாடி, ஐந்து வினாடி, ஆறைத் தாண்டியதில்லை. அழைப்பு நாற்பதான முதல் மாதம் ‘ஹலோ, ஹலோ’ என்று பார்த்தார். இரண்டாவது மாதம் லேசாகத் திட்டினார். மூன்றாவது மாதம் ஒரு நாள், நிதானமாகக் கேட்டார்.

“டக்குனு ஒரு சத்தம் வருதே, அது கடிகாரமா? நீங்க ஆணையத்துல இருந்துதானே? பதில் சொல்ல வேணாம், சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.”

அக்கா வழக்கமாக அந்நேரம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மதிய இடைவேளையில் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். ‘உடனடியாக’ என்பதற்கு விளக்கப் பிரிவில் விளக்கம் இல்லை. பதினாறு வருஷச் சேவையில் முதல்முறையாக, சட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பது அவருக்கு நிம்மதியாக இருந்தது. அன்றிலிருந்து உடனடி என்றால் ஒரு நிமிஷம். போகப்போக மூன்று.

அந்த மனிதர் பேசுவதற்கென்றே பிறந்தவர். பேச ஆள் இல்லாத ஊரில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே குடியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. மகன் நகரத்தில். நாளுக்கு இவருக்கு வரும் நிஜமான அழைப்பு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றும் ரொட்டிக் கடைக்காரர் மணி என்ன என்று கேட்பது. கடையிலிருந்த கடிகாரம் நின்றுபோய் நாலு வருஷமாகியும் அவர் பழுது பார்க்கவில்லை. போன் இருக்க பேட்டரி எதற்கு என்பது அவர் கட்சி. இதையெல்லாம் மேசைக்காரர் அக்காவுக்குத் தவணை முறையில் சொன்னார். பத்தேகாலுக்குக் கதையைத் தொடங்குவார், அக்கா வைத்துவிடுவார். பத்து இருபத்தைந்துக்கு, “விசாரணை, சொல்லுங்க. ஆங், எங்க விட்டேன்?” என்று தொடர்வார்.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. இருமுவது பேசுவதில் சேருமா என்று அவர் துணைச் செயலாளரிடம் எழுதிக் கேட்டார். துணைச் செயலாளரை அலுவலகத்தில் அடிக்குறிப்பு என்பார்கள். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அடியில்தான் படிக்க ஆரம்பிப்பார். மூன்று வாரம் யோசித்து, சேராது என்று பதில் எழுதினார். அதற்குள் இருமல் போய்விட்டிருந்தது. ஆனால் முதல் நாள் இருமலிலேயே மேசைக்காரர் தெரிந்துகொண்டுவிட்டார்.

“அட, மேடமா? நான் இத்தன நாளா சார்னு நெனச்சு என்னென்னமோ சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. வெந்நீர் குடிங்க, மேடம். குளிர்ந்த தண்ணி பக்கமே போகாதீங்க.”

அக்கா அன்று சாயங்காலம் வெந்நீர் குடித்தார். இருமலுக்காக என்று சொல்லிக்கொண்டார்.

வில்லங்கம் புதுச் சட்டத்தோடு வந்தது. கம்பெனிகள் தங்களைத் தாங்களே சோதித்து, தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டு அனுப்பினால் போதும் என்றது அது. தேர்வு எழுதும் பையனிடமே சிவப்பு மையைக் கொடுத்துவிட்டார்கள் என்று தேநீர்க் கடையில் சிரித்துக்கொண்டார்கள். அதில் ஒரு பிரிவு, தினசரி முப்பதுக்குக் கீழே அழைப்பு வரும் விசாரணை மேசையை மூடிக்கொள்ளலாம் என்றது. கம்பெனி உற்சாகமாகக் கடைசி ஊரின் மேசையை மூட மனுப் போட்டது. கூடவே தன் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தது. தினம் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. கம்பெனி வக்கீலுக்குத் தலை சுற்றியது. மொத்தமே எண்ணூறு வீடு இருக்கும் ஊரில், நாள் தவறாமல் நாற்பது பேர் என்னதான் விசாரிக்கிறார்கள்?

ஆணையம் பூரித்துப்போனது. மக்கள் இன்னும் மனிதக் குரலையே விரும்புகிறார்கள் என்பதற்கு இந்த நாற்பதைத்தான் ஆண்டறிக்கைகளில் ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள், அதுவும் பதினொரு தடவை. மனு மீதான விசாரணையில் அதையே சொல்லித் தள்ளிவிட ஏற்பாடு. ஒரு சம்பிரதாயம் மட்டும் பாக்கி: இந்த எண்ணிக்கையில் ஆணையத்தின் சொந்தச் சோதனை அழைப்புகள் சேரவில்லை என்று தொலைபேசிப் பிரிவு ஒரு சான்றிதழ் தர வேண்டும். தொலைபேசிப் பிரிவு என்றால் அக்கா மட்டும்தான்.

தாளைப் பார்த்ததும் அக்காவுக்கு விளங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டால் மேசை பிழைக்கும், குரல் பிழைக்கும். போடாவிட்டால் இரண்டும் போகும், தன் கையாலேயே. ஆனால் இருபத்தேழு வருஷத்தில் அவர் ஒரு வினாடியை முன்னே பின்னே எழுதியதில்லை. அவரிடம் வேறு சொத்து இல்லை. இரவல் வாங்கியோ, பரிசாகப் பெற்றோ வந்ததல்ல அது. உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்தது.

தாளை எடுத்துக்கொண்டு அடிக்குறிப்பிடம் போய், அந்த நாற்பதும் நான்தான் சார் என்றார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டாமலே பேசினார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு. இப்ப உங்களுக்கு.”

“அப்ப நாம ரெண்டு பேரும் மறந்துட்டா போதும்.”

மறக்க முடியாது சார், படிவம் இருக்கிறது என்றார் அக்கா. அடிக்குறிப்பு விடவில்லை. ஆணையம் என்பது யார், மக்களுக்காக மக்கள் வைத்தது. ஆகவே ஆணையமும் பொதுமக்களில் ஒரு பகுதிதான். ஆகவே உங்கள் நாற்பதும் பொதுமக்களின் நாற்பதுதான். இதை அடியில் சின்ன எழுத்தில் போட்டுவிடலாம் என்றார். சொல்லி முடித்தபோது அவருக்கே அது பிடித்துப்போனது.

“பதினோரு ரிப்போர்ட்டும்மா. பதினொண்ணுலயும் என் கையெழுத்து. யோசிச்சுப் பாருங்க.”

மூன்று நாள் அவகாசம் கொடுத்தார். அந்த ஞாயிறு தம்பி கூப்பிட்டான். அப்புறம்க்கா என்று அவன் கேட்டபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. சொன்னார். அவன் மெல்வதை நிறுத்தவில்லை.

“போட்டுட்டுப் போயேன்க்கா. யாருக்கு என்ன நஷ்டம்? உனக்குப் பொழுது போகுது, அந்தாளுக்கு வேலை இருக்கு.”

“அது பொய்டா.”

“ஊர்ல இல்லாத பொய்யா? சரி, அந்தாளு யாரு, பேரென்ன?”

அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்டால்தானே தெரியும். தம்பி அந்தப் பக்கம் சிரித்தான், பக்கத்திலிருந்த மனைவியிடம் ஏதோ சொன்னான், அவளும் சிரித்தாள். அக்கா போனை வைத்துவிட்டு, ஒற்றை நாற்காலியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

மேசைக்காரருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை முதல் அழைப்பிலேயே ஆரம்பித்தார். மனுப் போட்டிருக்கிறார்களாம், ஆனால் ஒன்றும் ஆகாதாம், எண்ணிக்கை பலமாக இருக்கிறதாம்.

“எண்ணிக்கை யாருன்னு நமக்குத்தானே மேடம் தெரியும்” என்று குரலைத் தாழ்த்திச் சிரித்தார். “இங்க இருந்து கெளப்பினா மகன் வீட்டுக்குத்தான் போகணும். அங்க மணி அடிச்சா நான் எடுக்கக் கூடாதாம். எடுத்ததும் ‘விசாரணை’ன்னு சொல்லிடறேனாம், மருமகளுக்கு மானம் போகுதாம்.”

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். நாலு வினாடி. எழுதினார். பிறகு சான்றிதழை இழுத்து, ‘சேரவில்லை’ என்று அச்சடித்திருந்ததை ஒரே கோட்டில் அடித்தார். மேலே தன் கையெழுத்தில், நாளொன்றுக்கு நாற்பது சேர்ந்துள்ளது என்று எழுதி, தேதி போட்டார். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. நடுங்கினால் எழுத்து கோணும் என்று அவருக்குத் தெரியும்.

முப்பது நாளில் மேசையை மூடலாம் என்று உத்தரவு வந்தது. சோதிக்க இனி எதுவும் இல்லை என்பதால் அதே நாளோடு படிவம் பதினேழும் ரத்து. ஆண்டறிக்கைகளில் ஒரு சிறிய பிழைத்திருத்தம் சேர்த்தார்கள், அடியில். அடிக்குறிப்பு அதற்குப் பிறகு மாடிப்படியில் அக்காவைப் பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்.

ஆனால் கடைசி நாள்வரை படிவம் செல்லுபடியாகும் அல்லவா? நாற்பது அழைப்புகள் தொடர்ந்தன. மேசைக்காரர் முதல் வாரம் ஆறவே இல்லை.

“எவனோ போட்டுக் குடுத்துட்டான், மேடம். உங்க ஆபீஸ்லதான். அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா…” என்று நிறுத்துவார். கையில் கிடைத்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. யாரையும் எதுவும் செய்து பழக்கமில்லை. இரண்டாவது வாரம் கோபம் போய் மூட்டை கட்டுவது பற்றிப் பேசினார். மூன்றாவது வாரம் ரொட்டிக் கடைக்காரர் கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கிவிட்டாராம். மனுஷன் எப்படிப் பயந்துவிட்டார் பாருங்கள் என்றார். ஒவ்வொரு அழைப்பிலும் அக்காவின் வாய்வரை ஒரு வார்த்தை வந்து நின்றது. விதி நினைவுக்கு வரும். விதியைச் சாக்காகச் சொல்லிக்கொள்கிறோம் என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

கடைசி நாள். முப்பத்தொன்பது அழைப்புகளும் ஒழுங்காக முடிந்தன. நாற்பதாவது, மாலை நாலே முக்காலுக்கு. ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி ஒழுகிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்த ஆள் இல்லை. அக்கா எண்ணைச் சுழற்றினார். மணி அடித்தது. கடிகாரத்தைத் தட்டினார்.

“விசாரணை. சொல்லுங்க.”

“நான்தான் சொன்னேன்” என்றார் அக்கா.

குரல் அவருக்கே அந்நியமாக, எண்ணெய் காணாத கதவுபோல் இருந்தது. அக்கா விடாமல் சொல்லி முடித்தார்.

“உங்க ஆபீஸ்ல எவனோன்னு சொன்னீங்களே. எவனும் இல்லைங்க. நான்தான் எழுதிக் குடுத்தேன். நாற்பதும் நான்னு. பொய்யா எழுத வரல எனக்கு. உங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்.”

மௌனம். இருபத்தொரு வருஷமாக அவர் பிறருக்குக் கொடுத்துவந்தது, மொத்தமாகத் திரும்பி வந்தது. மௌனம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. அதற்குள் கம்பியின் இரைச்சல் இருந்தது. எங்கோ ஒரு கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் இருந்தது. ஒரு மனிதரின் மூச்சு இருந்தது. அவர் இருக்கிறாரா, ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாரா என்று தெரியவில்லை. பத்து வினாடி போயிற்று. பத்துக்கு மேல் போனால் விதிமீறல்.

பதினான்காவது வினாடியில் எதிர்முனையில் ஒரு கனைப்புக் கேட்டது. தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

“விசாரணை” என்றார் அவர், புதிதாக எடுத்தவரைப்போல. “சொல்லுங்க, மேடம்.”

அக்கா வாயைத் திறந்தார். எங்கே தொடங்குவதென்று தெரியாமல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைச் சொன்னார். பிறகு தன் அறையில் ஒரே ஒரு நாற்காலி இருப்பதைச் சொன்னார். அவர் ம் கொட்டினார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த மறந்துவிட்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அக்கா நிறுத்தவில்லை.